‘பாரு’ என்று யாரும் சொல்லவில்லை

மார்ச் 4, செவ்வாய்.

இன்று வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். கட்டி முடித்த கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

மேலே இருப்பது என் நாட்குறிப்பில் அன்று எழுதியது, ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் படித்துவிட்டு நான் கதை கட்டுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு ஒழுங்காகக் கட்டத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் ரத்தக் காயத்துக்கு. அதைக்கூட முழுசாகத் தெரிந்துகொண்டேனா என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை.

நான் எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள். பூட்டிய கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பேன். அணைத்த அடுப்பைத் தொட்டுப் பார்ப்பேன். அண்ணன் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘அளவுகோல்’. இதை ஏன் சொல்கிறேன் என்று போகப் போகப் புரியும்.

நாங்கள் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறோம். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, முகம் பார்க்க என்று எல்லா வகையும் உண்டு. அண்ணன் அறுப்பான். நான் அளவு குறித்து ரசீது போடுவேன். சுமந்துகொண்டு போய் மாட்டிவிட்டு வர ஒரு ஆள் இருக்கிறார். அவ்வளவுதான் கடை.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணனுக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறான். மாத்திரையை நிறுத்தினால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். சாப்பிட்டால் வெளியே ஒரு கீறல் விழுந்தாலும் லேசில் நிற்காது. ஒருநாள் சவரம் செய்யும்போது தாடையில் பட்ட சின்னக் கீறலுக்கு ஒரு துண்டு முழுக்க நனைந்தது. இப்படிப்பட்டவன் பொழுது விடிந்தால் பொழுது போனால் கண்ணாடியோடு மல்லுக்கட்டுகிறான். வேறு தொழில் பார்க்கச் சொன்னார் டாக்டர். “எனக்குக் கண்ணாடியிலதான் சார் முகமே இருக்கு, அதை விட்டுட்டு எங்க போறது” என்று சிரித்துவிட்டு வந்தான்.

அண்ணி சிரிக்கவில்லை. என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

“கடையில அவர் பக்கத்துல இருக்கறது நீ ஒருத்திதான். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் அவர் உயிரு உன் கையிலதான்.”

மறுநாளே முதலுதவி மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

கட்டுகளில் எதை வாங்கி வைப்பது என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்தேன். மூன்று வகை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். சாதாரணத் துணிச் சுருள் இழுபடாது, சுற்றியதும் தளர்ந்துவிடும். நீளுகிற கிரேப் சுருள் இறுக்கிப் பிடிக்கும், ஆனால் காயத்தின் மேல் வைக்கிற பஞ்சு மெத்தையைத் தனியாகத் தேட வேண்டும், அதோடு வருகிற குட்டி கிளிப் ஈரக் கையில் வழுக்கி எங்கேயோ ஓடிவிடும். மூன்றாவதுதான் அழுத்தக் கட்டு. நீளுகிற துணியிலேயே மெத்தையைத் தைத்திருப்பார்கள், முனையில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி. மெத்தையைக் காயத்தில் வைத்து, இழுத்து இழுத்துச் சுற்றி, கொக்கியை மாட்டினால் முடிந்தது. ஒற்றைக் கையாலும் கட்டலாம்.

கையில் பாத்திரம் கழுவும் சோப்பைப் பூசிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பொட்டலங்களைக் கிழித்துப் பார்த்தேன். ஒரு கம்பெனிப் பொட்டலம் கிழியவே இல்லை. இன்னொன்றில் இரண்டு ஓரத்திலும் வெட்டு இருந்தது, சோப்புக் கையிலும் சட்டென்று கிழிந்தது. அதிலேயே நான்கு அங்குல அகலம் கைக்கு, ஆறு அங்குலம் தொடைக்கு என்று வாங்கி, அறுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன்.

“என்னை வெட்டிப் பாக்காம உனக்குத் தூக்கம் வராது போலிருக்கே” என்றான் அண்ணன்.

வகுப்பு நடப்பது மூடிப்போன ஒரு அச்சகத்தின் மாடியில். நீளமான கூடம். நடுத்தரையில் நான்கு போல்ட் துளைகள், சதுரமாக. ஏதோ கனமான மெஷின் நின்ற இடம். அதன்மேல் பாயை விரித்துத்தான் பயிற்சி. சொல்லித்தருபவர் பத்தொன்பது வருடம் ஆம்புலன்ஸில் ஓடியவர். எல்லோருக்கும் அவர் ‘ஆம்புலன்ஸ் அக்கா’. வாய் ஓயாமல் எங்களைக் கிண்டல் செய்வார். ஆனால் கட்டும்போது ஒற்றைச் சொல்லில்தான் கட்டளை.

“அழுத்து.”

“சுத்து.”

“மாட்டு.”

“நகம்.”

கடைசியாக வரும் ‘நகம்’ முக்கியம். கட்டு முடிந்ததும் அந்தக் கையின் விரல் நகத்தை அமுக்கி விட வேண்டும். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவந்தால் ரத்தம் விரல் வரை போகிறது. சிவக்காவிட்டால் கட்டு அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது, கொஞ்சம் தளர்த்த வேண்டும். நகத்தைத்தான் பார்க்கலாம். காயத்தைப் பார்க்கக் கூடாது. மெத்தை நனைந்தாலும் எடுக்கக் கூடாது, அதன்மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் அழுத்த வேண்டும். பிரித்தால் அதுவரை அடைத்திருந்தது பிய்த்துக்கொண்டு வரும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். வரிக்கு வரி எழுதி வைத்திருந்தேன். இருந்தும் செவ்வாய்க்கிழமை பிரித்தேன்.

என் ஜோடி ஒரு தையல்காரி. அவர் முழங்கைக்குக் கீழே கட்டினேன். கொக்கியை மாட்டினேன். அப்போது என் காதுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில், “பாரு” என்று கேட்டது. சொன்னபடி பார்த்தேன். கொக்கியைக் கழற்றி, சுற்றைப் பிரித்து, மெத்தையைத் தூக்கி...

“ஏன் பிரிச்சே?” என்றார் ஆம்புலன்ஸ் அக்கா.

“நீங்கதானேக்கா பாருன்னு சொன்னீங்க.”

“அக்கா நகம்னு சொன்னாங்கம்மா” என்றார் தையல்காரி. “உன் காதுலயும் பஞ்சு வச்சிட்டாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் முதலில் சிரிக்கிற ஆம்புலன்ஸ் அக்கா சிரிக்கவில்லை. கூடத்தின் கோடியில்தான் நின்றிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஐந்து ஜோடிகள். அவர் குரல் என் காதோரம் எப்படிக் கேட்கும்?

“எந்தப் பக்கத்துல இருந்து கேட்டுச்சு?” என்றார்.

பின்னால் கையைக் காட்டினேன். சுவர்தான் இருந்தது. அவர் அரை மணி முன்னதாகவே வகுப்பை முடித்துவிட்டார்.

நான் சரியாகக் காதில் வாங்கியிருக்க மாட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். தவறு என்று வந்தால் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுவேன். அது என் பழக்கம்.

மார்ச் 6, வியாழன். இருட்டுப் பயிற்சி.

விபத்து விளக்கைப் போட்டுவிட்டு வராது என்பார் ஆம்புலன்ஸ் அக்கா. அதனால் ஒரு வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டச் சொல்வார். அன்று தையல்காரி வரவில்லை. எனக்கு ஜோடி இல்லை. நாற்காலியின் கைப்பிடியில் கட்டச் சொன்னார். இடமில்லாததால் என் நாற்காலி கூடத்தின் நடுவில். நான்கு துளைகளுக்கு மேல் விரித்த பாயில் மண்டியிட்டேன்.

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு விளக்கு அணைந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். என் விரலே எனக்குத் தெரியவில்லை.

“அழுத்து.”

பொட்டலத்தைக் கிழித்தேன். மெத்தையை எடுத்தேன். நாற்காலியின் கைப்பிடியைத் தடவித் தேடினேன்.

என் உள்ளங்கையில் ஒரு கை வந்து படுத்தது.

தையல்காரி தாமதமாக வந்துவிட்டார் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. மரத்தில் கட்டுவதைவிட மனிதக் கையில் கட்டுவது மேல்.

“மழையில நனைஞ்சீங்களா? ஜில்லுன்னு இருக்கு” என்று மெல்லக் கேட்டேன். பதில் இல்லை. பயிற்சியில் அடிபட்டவர் பேசக் கூடாது என்பது வழக்கம். அதனால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“சுத்து.”

சுற்றினேன். இழுத்தேன். மறுபடி சுற்றினேன். கை கனமாக இருந்தது. தையல்காரியின் கை மெலிந்தது. இது தடித்திருந்தது. விரல்களில் ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. மூக்கில் ஒரு வாசனை... கோதுமை மாவைக் காய்ச்சிய பசை வாசனை. பழைய புத்தகத்தைப் பிரித்தால் வருமே, அது.

“மாட்டு.”

மாட்டினேன். மெத்தை நனைந்திருந்தது. பயிற்சிக்குச் சாயத் தண்ணீர் ஊற்றுவது உண்டு. அக்கா இருட்டில் ஊற்றிவிட்டுப் போயிருப்பார்.

ஆனால் சாயத் தண்ணீர் சூடாக இருக்காது.

“நகம்” என்றார் அக்கா, தூரத்திலிருந்து.

நகத்தை அமுக்கினேன். இருட்டில் நிறம் தெரியவா போகிறது? பழக்கத்தில் அமுக்கினேன். நகத்துக்கு அடியில் சதை இல்லாத மாதிரி இருந்தது. காய்ந்த அட்டையை அமுக்குவது போல.

அப்போது...

“பாரு.”

காதோரம். செவ்வாய்க்கிழமை கேட்ட அதே இடத்திலிருந்து.

அக்காவின் குரல் இல்லை. ஆனால் தெரிந்த குரல். எங்கேயோ தினமும் கேட்கிற குரல். யாருடையது என்று பிடிபடவில்லை.

“நின்னுடுச்சா பாரு.”

என் கை தானாகக் கொக்கிக்குப் போனது. பிரிக்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் போனது. பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கிற அதே அரிப்பு.

கொக்கியைத் தொட்டேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

கட்டுப்போட்ட கை அசையவில்லை. இது இன்னொரு கை. பொருக்குத் தட்டிய ஐந்து விரல்கள். இறுக்கி... எலும்பு நோகும்படி... என் கையைக் கொக்கியிலிருந்து விலக்கியது.



விளக்கு எரிந்தது.

எதிரே யாரும் இல்லை.

நாற்காலி தள்ளி இருந்தது, என் கைக்கு எட்டாத தூரத்தில். பாயின் மேல் நான் கட்டிய கட்டு கிடந்தது. சுற்றுகள் குலையவில்லை. கொக்கி மாட்டியது மாட்டியபடி. உருளையாக, ஒரு முழங்கையின் வடிவத்தில்.

உள்ளே கை இல்லை.

குனிந்து அதன் ஓட்டை வழியே பார்த்தேன். அந்தப் பக்கத்துப் பாயின் கோடு தெரிந்தது.

மெத்தை காய்ந்திருந்தது. தொட்டால் விறைப்பாக, பசை தடவிக் காயவைத்த துணி மாதிரி.

ஆம்புலன்ஸ் அக்கா வந்து பார்த்தார். கட்டைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்தார். “வீட்டுக்குப் போ. யாரையாவது கூட்டிட்டுப் போ” என்று மட்டும் சொன்னார்.

தையல்காரிக்குப் போன் செய்தேன். இரண்டு நாளாகக் காய்ச்சல், படுக்கையை விட்டு எழவில்லை என்றார்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி என்னை நம்பி இருக்கிறார். அவரிடம் போய், இருட்டில் இல்லாத கைக்குக் கட்டுப் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

மார்ச் 8, சனி.

பகல். நல்ல வெளிச்சம். கடையில் நானும் அண்ணனும் மட்டும். சுமக்கும் ஆள் ஒரு வீட்டுக்குக் கண்ணாடி மாட்டப் போயிருந்தார். ஆள் உயர முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஸ்டாண்டிலிருந்து மேசைக்கு மாற்ற வேண்டும். ஆள் வரட்டும் என்றேன். “நீ ரசீதைப் போடு, அளவுகோல்” என்றான்.

நான் குனிந்திருந்தேன். சத்தம்தான் முதலில்.

நிமிர்ந்தபோது கண்ணாடி பாதியாகத் தரையில் கிடந்தது. அண்ணன் நின்றுகொண்டிருந்தான். வலது கையை இடது கையால் பிடித்திருந்தான். ரத்தம் விரல் இடுக்கில் ஒழுகவில்லை, பீய்ச்சியது.

“ஒண்ணுமில்ல” என்றான். முழங்கால் மடிந்து உட்கார்ந்தான்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, இடத்தைச் சொல்லிக்கொண்டே ஆணியிலிருந்து பொட்டலத்தை இழுத்தேன். கை வழவழவென்று இருந்தது. பொட்டலம் சட்டென்று கிழிந்தது. முழங்கைக்கு நான்கு விரல் கீழே, உள்பக்கம், ஆழமான வெட்டு. உள்ளே கண்ணாடித் துண்டு நிற்கவில்லை. மெத்தையை வைத்தேன். அழுத்தினேன். என் எடை முழுவதையும் போட்டு அழுத்தினேன்.

சுற்றினேன். இழுத்தேன். மாட்டினேன்.

நகத்தை அமுக்கினேன். வெளுத்தது. சிவந்தது. சரி.

மெத்தை நனைந்தது. இரண்டாவது கட்டை மேலேயே வைத்தேன். இன்னும் இறுக்கினேன். கையைத் தூக்கி என் தோளில் சாய்த்துக்கொண்டு, மேலே உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

“அண்ணா, தூங்காதே. பேசு.”

“அண்ணிகிட்ட சொல்லாதே” என்றான். கண் செருகியது.

கடை அமைதியானது.

பசை வாசனை வந்தது.

எங்கள் கடையில் பசையே கிடையாது.

“பாரு.”

பட்டப்பகலில். என் காதோரம்.

நான் அசையவில்லை.

“நின்னுடுச்சான்னு பாரு. உள்ள இன்னும் போகுது பாரு.”

பிரிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், அதுதான் கொடுமை. இந்த மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு இரண்டு கட்டு போதுமா? கட்டுக்கு உள்ளேயே ரத்தம் தேங்கினால்? மெத்தை இடம் மாறியிருந்தால்? ஒரே ஒரு தடவை பிரித்துப் பார்த்தால் என்ன? அந்தக் குரல் சொன்னது அத்தனையும் நானே என்னிடம் கேட்கிற கேள்விகள்.

என் விரல் கொக்கிக்குப் போனது.

ஜில்லென்று... மணிக்கட்டில்... அதே பிடி.

அண்ணனின் ஒரு கை என் தோளில் இருந்தது. இன்னொரு கை தரையில் கிடந்தது.

நான் நிமிர்ந்தேன். சுவரெல்லாம் கண்ணாடி. எல்லாக் கண்ணாடியிலும் நான், மண்டியிட்டு, அண்ணனைத் தாங்கிக்கொண்டு. பல்லைக் கடித்திருந்தேன். உதடு இறுகியிருந்தது.

எதிரே சாய்த்து வைத்திருந்த ஒரு கண்ணாடியில் மட்டும்...

என் வாய் அசைந்துகொண்டிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். அழுத்தினேன். ஆம்புலன்ஸ் ஆள் வந்து என் கையைத் தொட்டு விலக்கும் வரை கண்ணைத் திறக்கவில்லை.

அண்ணன் பிழைத்தான்.

உள்ளே ரத்தக்குழாய் ஒன்று அறுந்திருந்தது. தைத்தார்கள். அவசர சிகிச்சை டாக்டர் என்னிடம், “யாரு கட்டினது? நடுவுல ஒரு தடவை பிரிச்சிருந்தாலும் இங்க வரைக்கும் வந்திருக்க மாட்டார்” என்றார். அண்ணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் பிடித்த இடத்தில் எனக்கு வலித்தது. மணிக்கட்டைச் சுற்றி ஐந்து நீலத் தடம்.

சாயங்காலம் ஆம்புலன்ஸ் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வியாழக்கிழமை நடந்ததையும், கடையில் நடந்ததையும் சொன்னேன். கண்ணாடியில் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. அதை என் கண்ணின் கோளாறு என்றே வைத்துக்கொள்ள விரும்பினேன்.

அவர் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். ஆம்புலன்ஸ் வேலைக்கு வருவதற்கு முன் அதே கூடத்தில், அச்சகத்தில், தாள் மடிக்கிற வேலை பார்த்தாராம். அந்த நான்கு துளைகளில் நின்றது தாள் வெட்டும் மெஷின். ஒருநாள் புத்தகம் கட்டுகிறவர் ஒருவரின் முழங்கையில் கத்தி இறங்கியது. அக்கா அப்போதுதான் முதலுதவி கற்றுக்கொண்டிருந்தார். துணியை மடித்து வைத்து அழுத்திக் கட்டினார். ரத்தம் நின்றது. வண்டியைக் கூப்பிட வாசலுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கட்டு பிரிந்து கிடந்தது.

பிரித்தவர், கூட வேலை செய்த ஒருவர். அடிபட்டவர் கடைசி வரை அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாராம். முடியவில்லை. வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“ஏன் பிரிச்சீங்கன்னு கேட்டேன்” என்றார் அக்கா. “‘நீதானே பாருன்னு சொன்னே’ன்னார். கூடத்துல ஆறு பேர் இருந்தாங்க. ஆறு பேருமே என் குரலைக் கேட்டதாச் சொன்னாங்க. நான் வாசல்ல நின்னேன். வாயே திறக்கல.”

அன்றிலிருந்து அந்தச் சொல்லை வகுப்பில் அவர் பயன்படுத்துவதில்லை. கட்டு விஷயத்தில் வீட்டில்கூடச் சொல்வதில்லை.

“அப்போ அந்தக் குரல்... செத்துப்போனவரோடதா?”

“அவர் உயிரோட இருக்கும்போதே அது கேட்டுச்சும்மா” என்றார். “அவர் தடுக்கத்தான் பாத்தார். இன்னிக்கும் தடுக்கறார் போல. அந்தக் குரல் வேற.”

எழுந்து போகும்போது திரும்பினார்.

“உன் அண்ணன் காதுல ஏதாவது விழுந்துச்சா? யாரு குரல்னு கேட்டுவை.”

நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் தங்க மாட்டேன் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்ததால், ராத்திரி எட்டு மணிக்கு அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். தையலின் மேல் இறுக்கமாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரையின் வேகம் இன்னும் இருப்பதால் நாளை காலை வரை அதில் கை வைக்கவே கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அண்ணன் பக்கத்து அறையில் படுத்தான். அண்ணி கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். நான் இந்த அறையில் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

பேனா ஓடுகிற சத்தம் மட்டும். நான் வாயைத் திறக்கவில்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அண்ணனின் குரல் கேட்டது. சலித்துக்கொள்கிற குரல்.

“சரி சரி, பாக்கறேன். சும்மா தொணதொணக்காதே.”

எழுந்து ஓடினேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கட்டின் முனையை ஒட்டியிருந்த பிளாஸ்திரியை இடது கையால் பாதி உரித்திருந்தான்.

“என்னண்ணா பண்றே?”

என்னை ஆச்சரியமாகப் பார்த்தான்.

“நீதானே சொன்னே. கடையிலயும் இதையேதான் பாரு பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தே. இப்ப சுவத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து வேற.”

தினமும் கேட்கிற குரல்... யாருடையது என்று இருட்டில் பிடிபடாத குரல்...

பிளாஸ்திரியைத் திரும்ப ஒட்டினேன். அதன்மேல் இன்னும் இரண்டு ஒட்டினேன். அண்ணியைக் கூப்பிடவில்லை. கையைக் காட்டித்தான் வரச் சொன்னேன். அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்படி ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அண்ணி ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

இப்போது மணி ஒன்பதே கால். கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து மீதியை எழுதுகிறேன். இந்த அறையில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

நாளை ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். கட்டை நர்ஸ் பிரிப்பார். அதுவரை நான் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. என் குரல் கேட்டால் அது நான் இல்லை என்று இரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.